கோட்டை எங்கே நிறுத்துவது? – ட்சுனெயாசு மியாமோட்டோவின் கால்பந்து வாழ்வு

கால்பந்தில் தற்காப்பு ஆட்டக்காரரின் கணக்கை எழுதுவது கடினம். முன்கள வீரருக்குக் கோல்கள் இருக்கின்றன, கோல்கீப்பருக்குத் தடுத்த பந்துகள் இருக்கின்றன. பின்னால் நிற்பவர் தன் வேலையைச் சரியாகச் செய்தால் எதுவுமே நடப்பதில்லை. நடக்காததை எந்த ஸ்கோர்போர்டும் காட்டாது. அதனால்தான் ஜப்பானின் சிறந்த டிஃபென்டர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது உயரத்திலும் ஆட்ட எண்ணிக்கையிலும் போய் நிற்கிறது. 'ஆசியாவின் சுவர்' என்று பெயரெடுத்த மசாமி இஹாரா 122 சர்வதேச ஆட்டங்கள் ஆடினார். யூஜி நகாசாவா 187 செ.மீ. உயரம், 110 ஆட்டங்கள், தலையால் முட்டியே சேர்த்த கோல்கள் ஏராளம். மாயா யோஷிதா இவர்கள் இருவரையும் தாண்டி 126 ஆட்டங்கள் ஆடினார். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கிளப்பில் பல ஆண்டுகள் நிலைத்து நின்றார்.

இந்தக் கணக்கில் ட்சுனெயாசு மியாமோட்டோவுக்கு முன்வரிசையில் இடமில்லை. தேசிய அணிக்கு 71 ஆட்டங்கள், 3 கோல்கள். உயரம் 176 செ.மீ.; நடுப் பின்களத்தில் நிற்பவருக்கு அது போதாது என்றே எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். ஓட்டத்திலும் அவர் வேகக்காரர் இல்லை. இருந்தும் இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடினார், அவற்றில் ஒன்றுக்குக் கேப்டன். 2004 ஆசியக் கோப்பையை ஏந்தியவர் அவர்தான். ஓய்வுக்குப் பிறகு மற்ற வீரர்கள் பலர் தொலைக்காட்சி விமர்சகர் நாற்காலியோடு நின்றுகொள்ள, இவர் 2024 மார்ச்சில் ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் 15ஆவது தலைவரானார். உடல் தராத இடத்தை அவருக்கு எது தந்தது? அறிவு என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. அறிவாளிகளான டிஃபென்டர்கள் பலர் இருந்திருக்கிறார்கள். மியாமோட்டோவின் வாழ்வு முழுக்க ஒரே கேள்வி வெவ்வேறு வேடத்தில் வந்தது: கோடு எங்கே நிற்க வேண்டும், அதை யார் முடிவு செய்வது? அந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த பதில்கள்தான் அவருடைய கணக்கு. அதில் தோற்ற பதில்களும் உண்டு.

அவர் பிறந்தது 1977 பிப்ரவரி 7 அன்று, ஒசாகா மாகாணத்தின் தொண்டாபயாஷியில். ஜப்பானில் அக்காலத்தில் நல்ல ஆட்டக்காரர் உருவாகும் பாதை பள்ளிக் கால்பந்துதான். குளிர்காலத்தில் நடக்கும் உயர்நிலைப் பள்ளிகளின் தேசியப் போட்டியில் பெயரெடுத்தால் நிறுவன அணியோ பல்கலைக்கழகமோ அழைத்துக்கொள்ளும். 1993இல் தொழில்முறைப் போட்டியான ஜே-லீக் தொடங்கியபோது கிளப்புகள் தங்கள் சொந்த இளைஞர் அணிகளை நடத்த வேண்டியதாயிற்று. கம்பா ஒசாகாவின் இளைஞர் அணியில் முதல் தலைமுறையாக வளர்ந்தவர் மியாமோட்டோ. 1995இல் முதன்மை அணிக்கு ஏறினார். அதே காலத்தில் கியோட்டோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் படித்தார். தொழில்முறை ஒப்பந்தத்தோடு பட்டப்படிப்பையும் முடிப்பது அன்று வழக்கமில்லை. படித்தவர், நன்றாக ஆங்கிலம் பேசுபவர், அழகானவர் என்ற மூன்றும் சேர்ந்து பின்னாளில் அவரைப் பெண் ரசிகைகளிடையே 'ட்சுனே-சாமா' ஆக்கின. அந்தப் புகழ் அவர் ஆட்டத்தைப் பற்றிய நிதானமான பேச்சைக் கொஞ்சம் கெடுத்தது என்றே நினைக்கிறேன். முகம் பேசப்பட்ட அளவுக்கு அவர் நின்ற இடம் பேசப்படவில்லை.

வயதுவாரி அணிகளில் அவர் தொடர்ந்து இருந்தார். 1993இல் ஜப்பானே நடத்திய 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஹிதெதோஷி நகாதா, நவோகி மட்சுதா ஆகியோருடன் அணியில் இருந்தார். (எல்லைக்கு வெளியே போன பந்தைக் கையால் எறிவதற்குப் பதில் காலால் உதைத்து உள்ளே அனுப்பும் விதியை ஃபிஃபா பரீட்சித்துப் பார்த்த விநோதப் போட்டி அது. நல்லவேளை, அந்த விதி நிலைக்கவில்லை.) 1997இல் மலேசியாவில் நடந்த இளைஞர் உலகக் கோப்பையிலும், 2000 சிட்னி ஒலிம்பிக்கிலும் அணி காலிறுதி வரை போனது. சிட்னி அணிக்குள்தான் அவர் பிலிப் ட்ரூசியேவின் பள்ளிக்குள் முழுதாக நுழைந்தார்.

பிரெஞ்சுக்காரரான ட்ரூசியே 1998இல் ஜப்பானின் பொறுப்பை ஏற்றவர். ஆப்பிரிக்க அணிகளைப் பயிற்றுவித்துப் பெயர் வாங்கியவர். கோபக்காரர். அவர் கொண்டுவந்த முறைக்கு ஜப்பானியப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'ஃப்ளாட் த்ரீ'. பின்னால் மூன்று பேர். பழைய மூவர் முறையில் இருவர் எதிரணி முன்கள வீரர்களை ஒட்டிக்கொண்டே திரிவார்கள், மூன்றாமவர் அவர்களுக்குப் பின்னால் மிச்சத்தைத் துடைப்பார். ட்ரூசியேவின் முறையில் ஒட்டித் திரிவதும் இல்லை, பின்னால் துடைப்பவரும் இல்லை. மூவரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல ஒரே நேர்கோட்டில் நின்று, பந்தைப் பார்த்து ஏறி இறங்க வேண்டும்.

விதி எளிது. பந்து வைத்திருக்கும் எதிரி நம் கோலுக்கு முதுகு காட்டினால், அல்லது பந்தைப் பின்னுக்கு அனுப்பினால், கோடு முன்னே ஏற வேண்டும். அவன் தலை நிமிர்ந்து, யாரும் நெருக்காமல், நீளமாக உதைக்கும் நிலையில் இருந்தால் கோடு இறங்க வேண்டும். ஏறினால் எதிரணி முன்கள வீரர்கள் ஆஃப்சைடில் மாட்டுவார்கள். நடுக்களத்துக்கும் பின்களத்துக்கும் இடையே இடைவெளி சுருங்கி, உயரமோ உடல் வலுவோ இல்லாத ஜப்பானியர்கள் கூட்டமாகச் சேர்ந்து பந்தைப் பறிக்க முடியும். உடல் குறையை இடம் கொண்டு ஈடுகட்டும் ஏற்பாடு இது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. மூவரில் ஒருவர் அரை விநாடி தாமதித்தால் பொறி திறந்துகொள்ளும், கோட்டுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே 30 மீட்டர் வெறும் புல்.

நடுவில் நிற்பவர்தான் கோட்டின் குரல். எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்று கத்திச் சொல்ல வேண்டியவர் அவர். 2002 உலகக் கோப்பைக்கு முன் அந்த இடம் ரியூசோ மோரியோகாவுடையது. வலப்புறம் மட்சுதா, இடப்புறம் கோஜி நகாதா. மியாமோட்டோ மாற்று ஆள்தான். போட்டிக்குச் சற்று முன் பயிற்சி ஆட்டமொன்றில் அவர் மூக்கெலும்பு உடைந்தது. முகத்தைக் காக்கக் கறுப்பு நிற முகமூடி அணிந்துகொண்டார். உலகம் அவரைப் 'பேட்மேன்' என்று அடையாளம் கண்டது அதனால்தான்.

ஜூன் 4 அன்று சைத்தாமாவில் பெல்ஜியத்துடன் முதல் ஆட்டம். ஸ்கோர் 1–1 ஆக இருந்தபோது நடுக்கள வீரர் இனாமோட்டோ இரண்டாவது கோலைப் போட்டு ஜப்பானை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். சிறிது நேரத்தில் மோரியோகா காயத்தால் வெளியேற, 71ஆவது நிமிடத்தில் மியாமோட்டோ இறங்கினார். நான்கே நிமிடங்களில் பெல்ஜியம் சமன் செய்தது. ஜப்பான் கோடு முன்னே ஏறிய கணத்தில், அதன் தலைக்கு மேலாக வந்த பந்தை ஃபான் டெர் ஹெய்டன் பின்னாலிருந்து ஓடி வந்து எடுத்துக் கோல்கீப்பருக்கு மேலாகத் தூக்கிப் போட்டார். ஃப்ளாட் த்ரீயின் பலவீனம் எது என்று பாடம் நடத்த வேண்டுமானால் இந்த ஒரு கோல் போதும். ஆட்டம் 2–2. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் ஒஸ்லோவில் நார்வேயிடம் 0–3 என்று தோற்றபோதே இந்த ஓட்டை வெளியே தெரிந்திருந்தது.

அடுத்த ஆட்டத்துக்குள் பின்கள வீரர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோட்டை ட்ரூசியே சொன்ன இடத்தைவிடச் சில மீட்டர் பின்னால் வைப்பது. சந்தேகம் வந்தால் ஏறுவதைவிட இறங்குவது. ஜூன் 9 அன்று யோகோஹாமாவில் ரஷ்யாவுடன் ஆடியபோது கோட்டின் குரல் மியாமோட்டோவுடையது. ஜப்பான் 1–0 என வென்றது. உலகக் கோப்பையில் ஜப்பானின் முதல் வெற்றி. கோல் போட்ட இனாமோட்டோவும் கம்பா இளைஞர் அணியில் வளர்ந்தவர்தான் என்பது ஒசாகாக்காரர்களுக்கு இன்றும் பெருமை. அடுத்து ஒசாகாவின் நகாய் மைதானத்தில் துனிசியாவை 2–0 என வீழ்த்தி ஜப்பான் முதன்முறையாக அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. ஜூன் 18 அன்று மியாகியில் துருக்கியிடம் 0–1 என்று தோல்வி. கோஜி நகாதாவின் தவறான பாஸிலிருந்து வந்த கார்னரில் ஊமித் தாவாலா தலையால் முட்டினார். மியாமோட்டோ தொடக்கம் முதல் நின்ற மூன்று ஆட்டங்களில் ஜப்பான் வாங்கிய கோல் அது ஒன்றுதான். நேர்கோடு ஆளும் ஓட்ட ஆட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

ஜப்பானியப் பத்திரிகைகளில் இந்தக் கதை இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கொடுங்கோல் பயிற்சியாளருக்கு எதிராக வீரர்கள் எழுந்த புரட்சி என்பது ஒன்று. ட்ரூசியேவின் முறை சரியானதே, வீரர்களின் தைரியக் குறைவுதான் அதை மழுங்கடித்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. நான்கு ஆண்டுகள் ஒரே வாய்ப்பாட்டை ஒப்பித்தவர்களால்தான் எங்கே அதை மீறலாம் என்று தெரிந்து மீற முடியும். வாய்ப்பாடு தெரியாதவன் மீறினால் குழப்பம்தான் மிஞ்சும். மியாமோட்டோ ஃப்ளாட் த்ரீயைத் தூக்கி எறியவில்லை. அது இருக்க வேண்டிய உயரத்தைக் களத்தில் நின்று பார்த்துத் திருத்தினார். 176 செ.மீ. உயரமுள்ளவர் உலகக் கோப்பையில் நடுவில் நிற்க முடிந்ததற்குக் காரணமும் அந்த முறைதான். மனிதனுக்கு மனிதன் ஒட்டித் திரியும் பழைய ஆட்டமாக இருந்திருந்தால் அவரை யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். ட்ரூசியேவுக்கு அவர் பட்ட கடன் அது.

அடுத்து வந்த ஜிக்கோ எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். பிரேசிலின் மாபெரும் ஆட்டக்காரரான அவர் வாய்ப்பாடுகளை நம்பவில்லை. நல்ல வீரர்களைச் சேர்த்துவிட்டால் அவர்களே வழி கண்டுகொள்வார்கள் என்பது அவர் கொள்கை. சிலகாலம் கழித்து கேப்டன் பட்டை மியாமோட்டோவின் கைக்கு வந்தது. கோடு எங்கே நிற்க வேண்டும் என்று இப்போது மேலிருந்து யாரும் சொல்லப்போவதில்லை.

2004 ஆசியக் கோப்பை சீனாவில் நடந்தது. ஐரோப்பாவில் ஆடிய பலர் வரவில்லை. ஜப்பான் ஆடிய சொங்சிங் நகரம், போர்க்காலத்தில் ஜப்பானிய விமானங்கள் ஆண்டுக்கணக்கில் குண்டு பொழிந்த இடம். மைதானத்தில் ஜப்பானின் தேசிய கீதத்தின்போதே கூச்சல் எழுந்தது. ஜூலை 31 அன்று அங்கே ஜோர்டானுடன் காலிறுதி. கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 1–1. பெனால்டி உதைகள்.

ஷுன்சுகே நகாமுரா முதலில் வந்தார். உதைக்கும் கணத்தில் ஊன்றிய காலின் கீழிருந்த புல்தரை பெயர்ந்தது. பந்து கம்பத்துக்கு மேலே போனது. அடுத்து அலெக்ஸ் சாந்தோஸ். அவரும் இடதுகாலால் உதைப்பவர். ஊன்றும் கால் அதே இடத்தில், அதே சறுக்கல், அதே முடிவு. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆட்டம் முடிந்துவிட்டது என்று எழுந்திருப்பார்கள். மியாமோட்டோ நடுவரிடம் நடந்தார். மலேசியாவைச் சேர்ந்த சுப்கிதீன் முகமது சாலே அன்று நடுவர். இந்தத் தரையில் உதைப்பது இரு அணிக்கும் நியாயமல்ல, மறுபுறத்துக் கோலுக்கு மாற்றுங்கள் என்று மியாமோட்டோ ஆங்கிலத்தில் கேட்டார். நடுவர் ஒப்புக்கொண்டார். எல்லாரும் மைதானத்தின் மறுகோடிக்கு நடந்தார்கள். அந்த நடையில் ஜோர்டானின் வேகம் அறுந்தது. கோல்கீப்பர் கவாகுச்சி அடுத்தடுத்துத் தடுத்தார். இடையில் நகாசாவாவும் தவறவிட்டார். ஏழாவதாக வந்து பந்தை வலைக்குள் போட்டவர் மியாமோட்டோவே. ஜோர்டானின் அடுத்த உதை உள்ளே போகவில்லை. 4–3.

ஜோர்டான் தரப்பின் மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. உதைகள் தொடங்கிய பிறகு கோலை மாற்றுவது எங்கும் கேள்விப்படாதது. இன்றைய விதிப்புத்தகம் இதைத் தெளிவாக வரையறுத்துவிட்டது: பாதுகாப்புக் காரணத்துக்காகவோ, கோலோ தரையோ பயன்படுத்த முடியாத நிலைக்குப் போனாலோ மட்டுமே மாற்றலாம். அன்று அந்த வரையறை இல்லாத இடைவெளியில் மியாமோட்டோ நுழைந்தார். தந்திரம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். தன் அணியினர் தலைகுனிந்து நிற்கும்போது, காரணம் ஆளிடம் இல்லை தரையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் நிதானம் அவரிடம் இருந்தது.

அரையிறுதியில் பஹ்ரைனை 4–3 என வென்றதும், ஆகஸ்ட் 7 அன்று பெய்ஜிங்கில் சீனாவை 3–1 என வீழ்த்திக் கோப்பை வாங்கியதும் ஆட்டமாகப் பார்த்தால் இன்னும் பரபரப்பானவை. பஹ்ரைனுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் நகாசாவா தலையால் முட்டி 3–3 ஆக்காவிட்டால் இறுதியாட்டமே இல்லை. அவை நகாசாவாவின், கவாகுச்சியின், முன்கள வீரர் தமாதாவின் கதைகள். அவற்றை இங்கே விரிக்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று இந்திய ரசிகர்கள் சிலர் மியாமோட்டோவை நேரில் பார்த்தார்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காகக் கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் ஆடிய ஜப்பான் 4–0 என வென்றது. இடைவேளையில் மின்விளக்குகள் அணைந்துபோய் இரண்டாம் பாதி சுமார் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. நான்காவது கோலைப் போட்டவர் மியாமோட்டோ. அவருடைய மூன்று சர்வதேச கோல்களில் ஒன்று நம் மண்ணில் விழுந்தது.

2005 ஜூனில், பாங்காக்கில் பார்வையாளர் இல்லாத காலி மைதானத்தில் வட கொரியாவை 2–0 என வென்று ஜப்பான் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆண்டு முடிவில் கம்பா ஒசாகா முதன்முறையாக ஜே-லீக் பட்டம் வென்றது. ஒரு வேடிக்கை: அகிரா நிஷினோ பயிற்றுவித்த அந்த கம்பா 34 ஆட்டங்களில் 82 கோல்கள் போட்டு 58 கோல்கள் வாங்கியது. நாட்டின் கேப்டன் பின்களத்தில் நின்ற அணி, எதிராளியைவிட ஒரு கோல் கூடுதலாகப் போட்டால் போதும் என்று ஆடிப் பட்டம் வாங்கியது. டிஃபென்டரின் மதிப்பை அணி வாங்கிய கோல்களை வைத்து எடைபோடுவது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனி 2006 ஜெர்மனி. மியாமோட்டோவின் வாழ்வில் மிகவும் வலித்த இடம் அதுவாகத்தான் இருக்கும். அவரைப் பற்றிய எந்த ஆய்வும் இதைத் தாண்டிப் போக முடியாது.

போட்டிக்கு முன்பே அணி இரண்டாகப் பிரிந்திருந்தது, அதுவும் கோட்டைப் பற்றித்தான். நடுக்களத்தின் ஹிதெதோஷி நகாதா, எதிரியை முன்னாலேயே நெருக்கிப் பந்தைப் பறிக்க வேண்டும், அதற்குப் பின்வரிசை ஏறி வர வேண்டும் என்றார். பின்னால் நிற்பவர்களோ, ஏறிப்போனால் முதுகுக்குப் பின்னால் விழும் பந்தை யார் துரத்துவது என்று கேட்டார்கள். பயிற்சியின்போதே இது குறித்து நகாதாவும் சக வீரர் ஃபுகுநிஷியும் வாக்குவாதம் செய்தது பத்திரிகைகளில் வந்தது. ட்ரூசியே இருந்திருந்தால் இரண்டு தரப்பையும் திட்டி ஒரு முடிவைத் திணித்திருப்பார். வீரர்கள் அதிலிருந்து சில மீட்டர் திருத்திக்கொண்டிருப்பார்கள். ஜிக்கோ முடிவை வீரர்களிடமே விட்டார். திருத்துவதற்கு ஒரு விதி இருந்தபோது மியாமோட்டோ சிறந்து விளங்கினார். விதியே இல்லாத இடத்தில் இரண்டு கருத்துகளையும் ஒரு கோட்டில் நிறுத்த அவரால் முடியவில்லை.

ஜூன் 12, கைசர்ஸ்லாட்டர்ன். கடும் வெயில். நகாமுராவின் கோலால் 1–0 என்று முன்னிலையில் இருந்தது ஜப்பான். இரண்டாம் பாதியில் பின்கள வீரர் ட்சுபோய் தசைப்பிடிப்பால் வெளியேறினார். ஆஸ்திரேலியாவின் பயிற்சியாளர் குஸ் ஹிடிங்க் ஒருவர் பின் ஒருவராக டிம் கேஹில், 194 செ.மீ. உயர ஜோஷ் கென்னடி, ஜான் அலோய்சி ஆகியோரை இறக்கி, உயரப் பந்துகளைப் பெனால்டி பெட்டிக்குள் கொட்டச் சொன்னார். ஜப்பானின் முன்கள வீரர்கள் மேலே நிற்க, பின்வரிசை பெட்டிக்குள் ஒடுங்க, நடுவே யாருமில்லாத மைதானம் விரிந்தது. 84ஆவது நிமிடத்தில் கேஹில், 89இல் மீண்டும் கேஹில், 90 நிமிடம் தாண்டிய இழப்பீட்டு நேரத்தில் அலோய்சி. சுமார் எட்டு நிமிடங்களில் மூன்று கோல்கள். 1–3.

இதில் மியாமோட்டோவின் பங்கு எவ்வளவு? உயரப் பந்துகளை எதிர்கொள்ள அவர் உடல் போதவில்லை என்பது உண்மை. கோட்டைப் பெட்டிக்கு வெளியே தள்ள அவரால் முடியவில்லை என்பதும் உண்மை. கேப்டன் என்ற முறையில் அந்தப் பொறுப்பிலிருந்து அவருக்கு விலக்கு தர முடியாது. ஆனால் சோர்ந்துபோன பின்களத்தை மறந்து, வெற்றியைக் காக்க வேண்டிய நேரத்தில் ஒரு முன்கள வீரரை எடுத்துவிட்டு ஷின்ஜி ஓனோவை இறக்கியது பயிற்சியாளர். பாதி அணி அதைத் தாக்கு என்ற சைகையாகவும், பாதி அணி காப்பாற்று என்ற சைகையாகவும் எடுத்துக்கொண்டது. என் கணக்கில் பெரும்பங்கு ஜிக்கோவுடையது.

அடுத்து நியூரம்பெர்க்கில் குரோஷியா. மியாமோட்டோ பெட்டிக்குள் பிர்ஷோவை வீழ்த்திப் பெனால்டி கொடுத்தார்; ஸ்ர்னாவின் உதையைக் கவாகுச்சி தடுத்ததால் 0–0. ஆனால் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கியதால் பிரேசிலுடனான கடைசி ஆட்டத்தில் கேப்டன் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. ஜப்பான் 1–4 எனத் தோற்று ஊர் திரும்பியது. அடுத்துப் பொறுப்பேற்ற, சரயேவோவில் பிறந்த இவிட்சா ஒசிமின் திட்டத்தில் மியாமோட்டோவுக்கு இடமில்லை. 29 வயதிலேயே தேசிய அணி வாழ்வு முடிந்தது.

கிளப் வாழ்வின் மிச்சத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். 2007 தொடக்கத்தில் அலெக்ஸ் சாந்தோஸுடன் ஆஸ்திரியாவின் ரெட் புல் சால்ஸ்பர்க் போனார். அங்கே பயிற்சியாளர் இத்தாலியின் ஜொவானி த்ரபத்தோனி. அணி லீக் பட்டம் வென்றது. மியாமோட்டோவுக்குக் கிடைத்த ஆட்டங்கள் குறைவு. 2009 முதல் விஸெல் கோபேயில் ஆடி, 2011 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார்.

ஓய்வுக்குப் பின் அவர் செய்ததுதான் சக வீரர்களிடமிருந்து அவரைப் பிரிக்கிறது. ஃபிஃபாவின் முதுகலைப் படிப்பில் சேர்ந்தார். இங்கிலாந்தின் லெஸ்டர், இத்தாலியின் மிலான், சுவிட்சர்லாந்தின் நியூஷாத்தெல் ஆகிய மூன்று நகரங்களில் விளையாட்டின் வரலாறும் நிர்வாகமும் சட்டமும் சொல்லித்தரும் படிப்பு அது. ஜப்பானின் முன்னாள் தொழில்முறை வீரர்களில் அதை முடித்தவர் அவர்தான் முதலாமவர். அங்கே குழு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது போஸ்னியாவின் மோஸ்தார் நகரம். போரில் குரோஷியர்களும் போஸ்னிய முஸ்லிம்களுமாகப் பிளந்து, ஆற்றின் இருபுறமும் பள்ளிக்கூடம் முதல் கால்பந்து கிளப் வரை தனித்தனியாக வாழும் ஊர். இரு தரப்புக் குழந்தைகளும் சேர்ந்து விளையாட ஓர் அகாடமி அங்கே நிற்குமா என்பது கேள்வி. பட்டம் வாங்கியதும் தாளை மூடி வைக்கவில்லை. 2016இல் மோஸ்தாரில் 'மாலி மோஸ்த்' என்ற பெயரில் அகாடமி திறக்கப்பட்டது. தன்னைத் தேசிய அணிக்கு எடுக்காத ஒசிமின் நாட்டில் மியாமோட்டோ பாலம் கட்டப் போனதை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

கம்பாவில் சிறுவர் அணியிலிருந்து தொடங்கிப் பயிற்சியாளர் வேலையும் பார்த்தார். 2018 ஜூலையில், லீக் அட்டவணையின் அடிமட்டத்தில் தத்தளித்த முதன்மை அணி அவர் கைக்கு வந்தது. கடைசிப் பகுதியில் தொடர்ந்து 9 ஆட்டங்களை வென்று அணி 9ஆவது இடத்தில் முடித்தது. 2020இல் இரண்டாமிடம். 2021இல் கொரோனா தொற்று அணிக்குள் பரவி ஆட்டங்கள் தள்ளிப்போயின. திரும்பி வந்த அணிக்குக் கோலே விழவில்லை. மே மாதம் அவர் நீக்கப்பட்டார். கோட்டைக் கட்டத் தெரிந்தவருக்குக் கோல் போடும் அணியைக் கட்டத் தெரியவில்லை என்று அன்று எழுதினார்கள். கடுமையான தீர்ப்பு, முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு சங்கத்தின் நிர்வாகத்துக்குள் நுழைந்து, 2024 மார்ச்சில் 47 வயதில் தலைவரானார். 1921இல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு உலகக் கோப்பையில் ஆடிய ஒருவர் தலைவராவது அதுவே முதல்முறை. அந்த ஆண்டு டிசம்பரில் மகளிர் அணிக்கு டென்மார்க்கின் நில்ஸ் நீல்சனைப் பயிற்சியாளராக நியமித்தது சங்கம். அந்தப் பொறுப்பில் வெளிநாட்டவர் ஒருவர் அமர்ந்தது அதுவரை நடக்காதது. 2025 மார்ச் 20 அன்று ஆண்கள் அணி பஹ்ரைனை 2–0 என வென்று, போட்டியை நடத்தும் மூன்று நாடுகளுக்கு அடுத்து முதல் அணியாக 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இதை மியாமோட்டோவின் சாதனைப் பட்டியலில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசுவுக்குச் சேர வேண்டியது.

ஜப்பானின் தலைசிறந்த டிஃபென்டர் மியாமோட்டோ அல்ல. உடலும் ஆட்டமும் நீண்ட காலமும் சேர்ந்த இஹாராவுக்கே என் வாக்கு. நகாசாவா என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் உடல் வலுக் குறைந்த அணி உலகக் கோப்பையில் தற்காப்பு ஆட முடியுமா என்று ஜப்பான் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், முடியும் என்று முதலில் காட்டிய கோட்டின் குரல் அவருடையது. எந்த நிலைமையில் முடியாது என்பதையும் அவருடைய 2006 காட்டியது. 2002 ஜூன் 9 அன்று நடந்த ரஷ்ய ஆட்டத்தின் முழுப் பதிவு கிடைத்தால், ஒரு பாதியாவது பந்தை விட்டுவிட்டு முகமூடி அணிந்த 17ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். அவர் எப்போது கை நீட்டுகிறார், மற்ற இருவரும் எப்போது இறங்குகிறார்கள் என்று கவனியுங்கள்.